டெய்சி அக்கா எடுத்த அழைப்புகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீஸ் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அண்ணனிடமிருந்து போன் வந்தது. இரும்புலியூரில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர். இப்போது அதே கடையில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். எப்போதும் கேலியோடு ஆரம்பிக்கிறவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், நம்ம டெய்சிம்மா பூட்டாங்க சார். மஞ்சக் காமாலையாம். ஆஸ்பத்திரியிலயே வேல பாத்துகினு இருந்தவங்க, அவங்களுக்கே தெரில பாருங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கறாங்க. நம்ம ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லணும். நம்பரெல்லாம் உங்ககிட்டதானே கீது?"

ஆமாம், எண்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. இறந்தவரைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தைத்தது. டப்பாவை ஈரத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டு, மேஜைக்குத் திரும்பி, ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தேன்.

முப்பது பேருக்குச் சொன்னேன். தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் மறுநாள் பதினோரு பேர் நின்றோம். சிலருக்கு ஒருவரை ஒருவர் முகம்கூடத் தெரியாது. பட்டப்பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டோம். கறுப்புப் புடவை கட்டிய ஒரு அம்மாள் எங்களிடம் வந்து, "நீங்கள்லாம் ஆஸ்பத்திரி ஸ்டாஃபா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப சர்ச்சா?" அதுவும் இல்லை. "கம்ப்யூட்டர்ல ஒண்ணா விளையாடினோம்மா" என்று நம்மில் ஒருவர் சொன்னார். அந்த அம்மாள் எங்கள் மீசைகளையும் தொப்பையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

இதை நம் கில்டில், அதாவது அந்த ஆட்டத்துக்காகச் சேர்ந்த நம் குழுவில், இருந்தவர்களுக்காக எழுதுகிறேன். அந்த அம்மாளைப் போன்ற வெளியாட்கள் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெய்சி அக்காவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நம்மைப் பற்றி எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். மதியம் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணி வரை ஹெட்போனைக் கழற்ற முடியாது. கணவர் செல்வின் ரயில்வேயில் இருந்தார்; குழந்தைகள் இல்லை. துபாயிலிருந்த தம்பிக்கு மெயில் அனுப்புவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அண்ணன் கடைக்கு வருவார். ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நான் ஆடிக்கொண்டிருந்த ஆன்லைன் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரும் எல்லாரையும் வெட்டிக்கிட்டே இருக்கீங்க. இதுல வெட்டாம ஆடுற வேலை ஏதாவது இருக்கா?"

"இருக்குக்கா. ஹீலர்னு ஒண்ணு. அடிபட்டு விழறவங்களுக்கு உயிர் குடுத்துக்கிட்டே இருக்கணும். செம போர், யாரும் எடுக்க மாட்டாங்க."

"அப்ப அது எனக்குத்தான்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றே மாதத்தில் நம்மிடம் இருந்த ஒரே நல்ல ஹீலர் அவர்தான் என்று ஆகிவிட்டது. நாம் முன்னால் ஓடினால் காதில் மாட்டிய ஹெட்போனில் அவர் குரல் கேட்கும்: "நீங்க போய்க்கிட்டே இருங்க. விழுந்தா நான் பாத்துக்கறேன்." அந்தக் குரலை நம்பி எத்தனை பேர் எத்தனை கோட்டைச் சுவர்களில் ஏறியிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறு அது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டத்தில் கோட்டை முற்றுகை. ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் கோட்டையைப் பிடிக்கிற கில்டு அடுத்த ஞாயிறு வரை அதை ஆளும். நம் கில்டுக்கு 'ஜி.எஸ்.டி. லயன்ஸ்' என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு என்பது நம் பேட்டைகளை இணைக்கிற நெடுஞ்சாலை; வண்டலூர் ஜூவைத் தவிர சிங்கம் ஒன்று கூட அதில் இல்லை. நமக்குத் தலைவன் தினேஷ். சேலையூரில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவன், இருபத்தொரு வயது. நம்மில் பாதிப் பேருக்கு அவன் தம்பி வயது, ஆனால் எல்லோரும் அவனை 'லீடர்' என்றுதான் அழைத்தோம்.

ஆஜர் நோட்டு என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? அது என் ஏற்பாடு. ஆளுக்கொரு கடையில் உட்கார்ந்து ஆடுகிற கூட்டம் நாம். ஒருவனுக்கு பஸ் வராது, இன்னொருவன் தூங்கிவிடுவான், ஒரு பேட்டையில் கரண்ட் போய்விடும். அதனால் எல்லோருடைய வீட்டு போன் நம்பரையும் விலாசத்தையும் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டில் எழுதி மணி அண்ணன் கல்லாப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். ஞாயிறு மூன்றரைக்கு அதைப் பார்த்து வீடு வீடாக அழைத்து, "ஆன்ட்டி, பையன் கிளம்பிட்டானா?" என்று கேட்பேன். அம்மாக்கள் சிரிப்பார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். முப்பது குடும்பங்களின் வீட்டு நம்பரை, யார் வேண்டுமானாலும் புரட்டும்படி ஒரு ஆணியில் மாட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோட்டையைப் பிடித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. தோற்றுக்கொண்டிருந்தவரை நாம் நல்லவர்களாகத்தான் இருந்தோம். ஜெயித்ததும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் வந்தது. தினேஷ் கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொரு முற்றுகை முடிந்ததும் யார் எத்தனை பேரை வீழ்த்தினார்கள், யார் எத்தனை முறை செத்தார்கள் என்று நான் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். ஆட்டோகேடில் படம் வரைவது என் தொழில். எக்செல் கைவந்த கலை. பட்டியலில் கடைசியாக வருகிறவர் தன் தவறைத் தானே சாட்டில் எழுத வேண்டும். பிறகு மற்ற எல்லோரும் அவரைத் திட்ட வேண்டும், லீடர் போதும் என்கிற வரை. அதற்கு நாம் வைத்த பெயர் 'துவைப்பு'. முதல் வாரம் அது ஐந்து நிமிடக் கேலி. ஆறாவது வாரம் முழுதாக அரை மணி நேரம் போயிற்று, எழுதியதில் பாதியை இங்கே எழுத முடியாது. துவைக்கப்பட்டவன் அடுத்த வாரம் வேறொருவனை இன்னும் ஓங்கித் துவைப்பான். கடைசிப் பெயர் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர யாருக்கும் வேறு நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

ஆளுக்கு ஒரு வரியாவது திட்டியே ஆக வேண்டும் என்று தினேஷ் சட்டம் போட்டபோது, அக்கா மட்டும் வாராவாரம் ஒரே வரியை எழுதினார். துவைக்கப்படுகிறவரின் பெயரைப் போட்டு, "சாப்டீங்களா?" என்று. இரண்டு வாரம் பொறுத்த தினேஷ் மூன்றாவது வாரம் மைக்கில் வந்தான். "அக்கா, இது காமெடி இல்ல. டீம் டிசிப்ளின்."

"நான் திங்கள்லேருந்து சனி வரைக்கும் தினம் நூறு பேர்கிட்டத் திட்டு வாங்கறேன் தம்பி. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. திட்டு வாங்கவும் லீவு, திட்டவும் லீவு" என்றார் அக்கா. ஹீலரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பதால் தினேஷ் அதோடு விட்டான். ஆனால் அன்று அவன் மைக்கை அணைக்கும் முன் மூச்சு விட்ட சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

பாஸ்கர் சார் வந்தது அந்தச் சமயத்தில்தான். சானடோரியம் பக்கம் ஒரு பள்ளியில் கிளார்க், வீடு அனகாபுத்தூரில். நாற்பத்தாறு வயது. மனைவி தவறிப்போன பின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மணி அண்ணன் கடைக்கு வந்தவர். மகள் நித்யா பத்தாம் வகுப்பு, ஞாயிறு டியூஷன் முடிந்து வர ஆறரை ஆகும், அதுவரை எங்காவது இருந்தாக வேண்டும் என்பார். கை மிக மெதுவு. மவுஸை இஸ்திரிப் பெட்டியைப் போலப் பிடித்து நகர்த்துவார். முதல் இரண்டு வாரம் அவரை எல்லோரும் 'சார்' என்றார்கள். மூன்றாம் வாரம் அவர் பட்டியலில் கடைசியாக வந்தார். 'சார்' போய் 'பாஸ்கர்' ஆயிற்று. அடுத்த வாரம் 'யோவ்'. அதற்கடுத்த வாரம் அவர் வயதில் பாதிகூட இல்லாத ஒருவன் 'டேய்' என்றான். அவர் அதற்கும், "சாரி, நெக்ஸ்ட் டைம் சரி பண்ணிக்கறேன்" என்று பதில் எழுதினார்.

அக்கா அன்று கடை வாசலில் என்னிடம் சொன்னார்: "திட்டு வாங்கறவங்க ரெண்டு வகை ரகு. போனை வச்சதும் மறந்துடறவங்க ஒரு வகை. இன்னொரு வகை, வச்ச போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். இந்த சார் ரெண்டாவது வகை. பட்டியலை நிறுத்தச் சொல்லு."

"நான் சொன்னா லீடர் கேப்பானாக்கா?"

"பட்டியல் போடறது நீதானே?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். பட்டியல் போடுகிறவன் கையில் கொஞ்சம் அதிகாரம் இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்.

கோட்டை நம்மிடம் இருந்த ஏழாவது வாரம் அந்த விபரீதம் நடந்தது. வேறு எதற்கும் உதவ மாட்டார் என்று பாஸ்கர் சாரை உட்புறக் கதவருகே நிறுத்தியிருந்தார்கள். எதிரே ஹைதராபாத் கில்டு. அவர்களில் ஒருவன் கம்பிக்கு வெளியே நின்று, "குட் ஈவினிங் சார்" என்று எழுதினான். வேண்டுமென்றேதான் எழுதினானோ என்னவோ. பள்ளி ஆபீஸில் இருபது வருடம் உட்கார்ந்தவர் மரியாதைக்கு மரியாதை செய்யாமல் இருப்பாரா? பதில் எழுதினார். ஆனால் நம் ஆட்டத்தில் சாட் எழுத முதலில் என்டர் தட்ட வேண்டும். தட்டாமல் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகப் போகும். ஜி என்ற எழுத்து கதவைத் திறக்கும். 'குட்' என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தட்டியதும் கதவு திறந்துகொண்டது. அவர் என்ன நடந்தது என்று தெரியாமல் 'ஈவினிங்' வரை எழுதி முடித்தார். நான்கு நிமிடத்தில் கோட்டை போயிற்று.

அன்று துவைப்பு நடக்கவில்லை. தினேஷ் சாட்டில் ஒரே ஒரு வரி எழுதினான்: "இதுக்கு சாட் பத்தாது."  பிறகு அவன் மணி அண்ணனுக்கு போன் செய்து, ஆணியில் தொங்கிய நோட்டிலிருந்து பாஸ்கர் சாரின் வீட்டு நம்பரைப் படிக்கச் சொன்னான். மணி அண்ணனும் வழக்கமான ஆஜருக்குத்தான் என்று நினைத்துப் படித்தார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அந்த வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. டியூஷனுக்குக் கிளம்புமுன் அந்த நேரத்தில் நித்யா தனியாக இருப்பாள் என்பது நமக்குத் தெரியும். பாஸ்கர் சாரே வெள்ளந்தியாக எப்போதோ சொன்னதுதான். முதல் வாரம் யார் யார் பேசினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை, பேசியவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பாஸ்கர் சார் கடைக்கு வந்தார், ஆனால் ஆடவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "போன் அடிச்சாலே பொண்ணு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குதும்மா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. நேத்து என்னைப் பாத்து, 'அப்பா, நீங்க என்ன பண்ணீங்க?'ன்னு கேக்குது. நான் என்னத்தம்மா சொல்றது? குட் ஈவினிங் சொன்னேன்னா?"

நான் அதைக் கேட்டேன். காதில் ஹெட்போன் இருந்தது, அதனால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்கா எழுந்து போய் ஆணியிலிருந்து நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "பாஸ்கர் சாரோட நம்பர் மாறிடுச்சு. பழசு இனிமே வேலை செய்யாது. புதுசை எழுதிக்கோ." நான் பழையதை அடித்துவிட்டு அவர் சொன்ன எண்ணை எழுதினேன். பாஸ்கர் சார் அன்றே வீட்டுக்குப் போய் போன் வயரைப் பிடுங்கிவிட்டார் என்பதும், நான் எழுதிய எண் மருத்துவமனை ஆபரேட்டர் அறையில் ஓரமாக இருந்த, அதிகம் யாரும் அழைக்காத ஒரு தனி லைன் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நோட்டில் இருந்த புது எண்ணுக்கு யார் எந்த நாள் அழைப்பது என்று தினேஷ் முறை போட்டான். திங்கள் அவன். செவ்வாயும் புதனும் சேலையூர் கடையில் ஆடுகிற இருவர். வியாழன் நான்.

மறுத்திருக்கலாம். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் அந்த வாரப் பட்டியலில் நான் கடைசியிலிருந்து மூன்றாவது. என் பட்டியல், நானே போட்டது, என் பெயர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ஐந்தரைக்கு குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் காயின் பாக்ஸில், பேசும் இடத்தில் கர்சீப்பைச் சுற்றி, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு அழைத்தேன். ஒரு பெண் குரல் கிசுகிசுப்பாக "ஹலோ" என்றது. "நித்யாவா? உங்கப்பா ஒரு துரோகி. வெலை போயிட்டாரு. நாங்க நம்பின கதவை அவரே தொறந்துவிட்டாரு. உன் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்லப் போறோம். நீ தலைகாட்ட முடியாது" என்றேன்.  தூரத்தில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது, டி.வி. ஓடுகிறது என்று நினைத்தேன்.  போனை வைத்ததும் தினேஷுக்கு 'முடிந்தது' என்று மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் டிரெயின் ஏறினேன்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. விசித்திரம் என்னவென்றால், பாஸ்கர் சார் தெளிந்துகொண்டே வந்தார். ஞாயிறுதோறும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார், முகத்தில் களை வந்திருந்தது. அது தினேஷுக்குத் தாங்கவில்லை. "இவன் என்ன கல்லா? போன்ல பேசினா ஏறல. வீட்டுக்கே போவோம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு" என்று சாட்டிலேயே அறிவித்தான். போய் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

இரண்டு பைக்கில் நான்கு பேர் போனோம். அனகாபுத்தூரில் அந்தச் சந்து, இரண்டு வண்டி சேர்ந்தாற்போல நுழைய முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். தினேஷ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். பாஸ்கர் சார் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு டெய்சி அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் பாஸ்கர் சாரின் முகம் தெரிந்தது.

"அக்கா, நீங்க இதுல தலையிடாதீங்க. அந்தாளைக் கூப்பிடுங்க" என்றான் தினேஷ்.

"கூப்பிடறேன். திங்கக்கிழமை ஆறு மணி நீதானே தினேஷ்? 'உங்கப்பன் செத்தாத்தான் கில்டு உருப்படும்'னு சொன்னே. அதைக் கேட்டது அந்தப் பொண்ணு இல்லப்பா. நான்."

தினேஷின் முகம் வெளுத்தது. சேலையூர் ஆட்கள் இருவரையும் அக்கா அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. ஒருவனைப் பார்த்து, "நீங்க பேசுங்க தம்பி" என்றார்.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா..."

"போதும். செவ்வாய்க்கிழமை அஞ்சேகால்."

இன்னொருவன், "அக்கா, சத்தியமா..." என்று ஆரம்பித்தான். "புதன். ரெண்டு தடவை" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எந்த வார்டுக்கு எந்த எக்ஸ்டென்ஷன் என்று சொல்கிற அதே தொனி. 

அடுத்தது நான். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "ரகு, ஏன் வெயில்ல நிக்கறே? இப்படி நிழலுக்கு வா" என்றார். நான் போனேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், சுவரோரம், அவர்கள் மூவருக்கும் எதிரே போய் நின்றுகொண்டேன். என் கர்சீப் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது.

"வீட்டுக்குப் போங்க. சாயந்திரம் நாலு மணிக்கு நான் வர மாட்டேன். விழுந்தீங்கன்னா நீங்களே எந்திரிச்சுக்கோங்க" என்றார் அக்கா.

அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. ஹீலர் இல்லாத படை எத்தனை நாள் நிற்கும்? ஒரு மாதம் எல்லா முற்றுகையிலும் தோற்றோம், ஆளுக்கு ஆள் பழி சொன்னோம். கடைசி ஞாயிறு பட்டியல் போட்டபோது அடியில் வந்த பெயர் தினேஷ். நான் அதை அப்படியே வெளியிட்டேன். ஒரு மணி நேரம் அவனைத் துவைத்தோம். அவன் கற்றுக்கொடுத்த சொற்கள் எல்லாம் அவனுக்கே போயின. அத்தோடு கில்டு முடிந்தது.

மறுநாள் மணி அண்ணன் சொல்லி அக்காவுக்கு இது தெரிந்தது. அவர் என்னை அழைத்துக் கேட்ட முதல் கேள்வி: "அவன் வீட்டுக்கு யாராவது போன் போட்டீங்களா?" இல்லை என்றேன். "நம்பர் குடு." தினேஷின் அம்மாவிடம் பேசி, பையன் அறைக்குள்ளேயே கிடக்கிறான் என்று தெரிந்துகொண்டு, ஒரு வாரம் தினமும் அந்த வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அவனிடம் என்ன பேசினார் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. தினேஷ் இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் டீம் லீடராம். அடக்கத்துக்கு வந்திருந்தான். பெட்டியை இறக்கியபோது சின்னக் குழந்தைபோல அழுதான், யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல்.

எனக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா வீட்டிலிருந்து கேக் வரும். நன்றி சொல்ல போன் செய்வேன். வீட்டு நலம், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கும் முன் ஒரு கணம் நிறுத்தி, "வேற ஏதாவது சொல்லணுமா ரகு?" என்பார். ஆபரேட்டர் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். "ஒண்ணும் இல்லக்கா" என்பேன். இப்படி மூன்று கிறிஸ்துமஸ்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது பாஸ்கர் சார் என்னிடம் வந்தார். நித்யா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்றார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஜன்னல்லேருந்து பாத்தேன் சார். அன்னிக்கு வந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தர்தான் டெய்சிம்மா பக்கம் போய் நின்னீங்க. அதை நான் மறக்கவே மாட்டேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். தலையை ஆட்டினேன்.

வாசலுக்கு வரும்போது செல்வின் என்னைத் தனியே அழைத்து ஒரு கவரைக் கொடுத்தார். மருத்துவமனையில், வருகிற அழைப்புகளைக் குறித்துவைக்கும் சீட்டு உள்ளே இருந்தது. யாருக்கு, யாரிடமிருந்து, நேரம், செய்தி என்று அச்சடித்த கட்டங்கள். அக்காவின் கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். யாருக்கு: நித்யா. யாரிடமிருந்து: ரகு (வாயில் துணி வைத்துப் பேசுகிறார்). வியாழன், ஐந்தரை மணி. அதற்குக் கீழே நான் பேசிய ஒவ்வொரு சொல்லும்.

"இந்த மாதிரி நெறைய எழுதி வச்சிருந்தா" என்றார் செல்வின். "ஒவ்வொருத்தரா வந்து தப்பை ஒத்துக்கிட்டாங்க. அவங்கவங்க சீட்டை அவங்ககிட்டயே குடுத்துடுவா, கிழிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. தினேஷ்தான் மொதல்ல வந்தான். கடைசியில இது ஒண்ணுதான் இருந்துச்சு. தூக்கிப் போடேன்னு நான்கூட சொன்னேன். 'இல்ல, ரகு வருவான்'னு ட்ராயர்லயே வச்சிருந்தா."

டெய்சி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டுதான். இதை எழுதும்போது மேஜையில் என் எதிரே இருக்கிறது. என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நானாக வருவேன் என்று மூன்று வருடம் காத்திருந்தார், நான் கேக்கைத் தின்றுவிட்டு ஒன்றும் இல்லை என்றேன். அதைக் கிழிக்க இனி எனக்கு யாரும் அனுமதி தர முடியாது.

பாஸ்கர் சார், கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் பிடித்தது தவறான ஆளின் கையை. வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு உங்கள் மகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியவன் நான்தான்.